"விவசாயி யாருங்க?"ன்னு கேட்டாங்க... அவ என்னைக் கைகாட்டினா!

'ஓய்வு பெறப் போகிறேன். ஊரில் நாலு ஏக்கர் இருக்கிறது. வருகிற பணத்தைப் போட்டு விவசாயம் செய்யலாமா?' இப்படி ஒரு கேள்வி, கேள்வி-பதில் பக்கத்தில் அடிக்கடி வரும். விவரம் தெரிந்தவர்கள் மண் பரிசோதனை, பயிர்த் தேர்வு என்று பதில் சொல்வார்கள். நான் அந்த அளவுக்கு விவரக்காரன் இல்லீங்க. ஆனால், இதே கேள்வியோடு ஊர் வந்து சேர்ந்தவன். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

நான் அரசுப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டர். பாதிக் காலம் கோவை - சத்தியமங்கலம் ரோடுதான். காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி என்று இப்போதும் தூக்கத்தில் சொல்வேன். எங்கள் பூமி அன்னூர் பக்கம். பாகம் பிரித்ததில் எனக்கு வந்தது நாலு ஏக்கர். ஒரு கிணறு, ஒரு ஏக்கர் வாழை, அரை ஏக்கர் காய்கறி, மாட்டுக்குத் தீவனம், வரப்போரம் தென்னை. 'நமக்கும் தோட்டம் இருக்குதுங்க' என்று பஸ்ஸில் தெரிந்தவர்களிடம் எல்லாம் பெருமை பேசுவேன். பஸ் எங்கள் ஊர்ப் பிரிவைத் தாண்டும்போது தூரத்தில் தென்னந்தலை தெரியும். நான் பார்த்த விவசாயம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

'58 வயசுல வந்துருவீங்க. அப்புறம் மாட்டை நீங்க பாத்துக்கோணும்' என்று வீட்டுக்காரி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். மறுவருஷம் 60 ஆக்கினார்கள். 'செவலை கன்னே ரெண்டு ஈத்து ஈன்றுச்சு, நீங்க இன்னும் வந்து சேரல' என்பாள். ஒருவழியாக 2025 மே 31-ம் தேதி பையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மாடு இறக்கிவிட்டது!

மறுநாள் காலை மூன்றரைக்கே முழிப்பு வந்துவிட்டது. டூட்டிக்குப் போகாமல் சும்மா உட்கார முடியுமா? ஒரு அட்டையை எடுத்து, டெப்போவில் எழுதுவதுபோல வீட்டுக்கு டூட்டி சார்ட் எழுதினேன். 4.30 கறவை, 5.00 கட்டுத்தறி சுத்தம், 5.45 பால் சொசைட்டி, 6.30 மோட்டார்... சுவரில் மாட்டினேன்.

அவள் நின்று படித்தாள். "நல்லாத்தானுங் இருக்குது. மாடு ஒத்துக்கோணுமே?" என்றாள்.

மாடு ஒத்துக்கொள்ளவில்லை. மடியில் கை வைத்த நிமிஷம் போசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லீவுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேத்தி கைதட்டிச் சிரித்தாள். "அமுச்சி, அப்புச்சியை மாடு எறக்கி உட்ருச்சு!" எத்தனை பேரை நடுவழியில் இறக்கி விட்டிருப்பேன்! அந்தப் பாவம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாடம் மேட்டுப்பாளையம் உழவர் சந்தையில். அவளுக்கு முழங்கால் வலி, அதனால் ஒருநாள் நான் போனேன். விலைதான் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறதே, எடை போட்டுக் காசு வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். சில்லறைக் கணக்கில் என்னை அடிக்க ஆளில்லை. ஆனால் பக்கத்துக் கடைகளில் கூட்டம். என் கடையில் கத்தரிக்காயும் நானும் மட்டும்.

கடைசியில் ஒரு பெரியம்மா வந்து, "அம்மிணி வரலீங்களா?" என்று கேட்டார். காய் வாங்கினார், காசு கொடுத்தார், ஆனால் நகரவில்லை. என் கையையே பார்த்தார். எனக்குப் புரியவில்லை. அவராகவே, "ரெண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை போடுங்க சாமி. அந்தப் புள்ள கேக்காமயே போடும்" என்றார். விலை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். அந்தக் கொசுறுக்காகத்தான் ஆள் தேடி வருகிறது. 31 வருஷம் மிச்சச் சில்லறையை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்தே பழகியவனுக்கு இது எங்கே தெரியும்?

ஆயிரம் அடி ஆசை

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். அடுத்தது அப்படி இல்லை.

வரவேண்டிய பணம் கைக்கு வந்தது. பணம் வந்த சேதி எனக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை, "சரவணம்பட்டி பக்கம் ஒரு சைட் இருக்குதுங்க மாமா" என்றார். பங்காளி ஒருவர் கார் வாங்கச் சொன்னார். எனக்கோ ஒரே எண்ணம், போர்வெல். ஆயிரம் அடி, வேண்டுமானால் இன்னும் நூறு அடி. நாலு ஏக்கரும் பச்சையாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்க்கிற ஆளைக் கூட்டிவந்தேன். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் பேசி, முன்பணம் கொடுக்கத் தேதியும் குறித்துவிட்டேன்.

அவள் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சோறு போட்டுவிட்டு, பரண் மேலிருந்து ஒரு கட்டுக் காலண்டரை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர்கள். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால் கணக்கு எழுதியிருந்தது. அதன் கீழே இன்னொரு எண்.

"இது என்ன?" என்றேன்.

"கிணத்துப் படி. தண்ணி எத்தனாவது படியில நிக்குதுன்னு."

எங்கள் கிணற்றுக்கு 52 கற்படி. அவள் தண்ணீர் மட்டத்தைப் படிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள், வருஷக்கணக்காக. 2016, 2017 வறட்சிக் காலண்டரைத் திருப்பினேன். 48, 50, 52... அதற்குப் பிறகு எண் இல்லை, வெறும் கோடு. 2017 ஏப்ரலில் ஒரு தேதியை வட்டம் போட்டு, '840 அடி. புகை' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு ஞாபகம் வந்தது. அன்று போர் போட்டார்கள். எனக்கு டபுள் டூட்டி. மறுநாள் ராத்திரி வந்தபோது வாழை இலை, தென்னை எல்லாம் சாம்பல் பூத்ததுபோல மாவாக இருந்தது. 'தண்ணி வரலீங்' என்று மட்டும் சொன்னாள். நானும் தூங்கிவிட்டு மூன்றரைக்கு எழுந்து போய்விட்டேன்.

"அந்தச் செலவுக்கு என்ன பண்ணினே?"

"கொடியைக் கூட்டுறவு சங்கத்துல வெச்சேனுங். மூணு வருசம் மஞ்சக்கயிறுதான். நீங்க கேக்கல, நானும் சொல்லல."

எத்தனையோ ராத்திரி எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். மூன்று வருஷம் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஐம்பது பேருக்கு நடுவே டிக்கெட் எடுக்காத ஒருவனின் முகத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணுங்க இது.

கடைசியாக இந்த இரண்டு வருஷக் காலண்டரைக் காட்டினாள். 2024 ஆகஸ்ட் 17-ல் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற பவானித் தண்ணீரை, வருஷத்துக்கு 1.5 டி.எம்.சி. வரை பம்ப் செய்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிற திட்டம். 60 வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்துச் சனங்கள் கேட்டது. எங்கள் ஊர்க் குட்டைக்கும் தண்ணீர் வந்தது. அவள் எழுதிய எண் 44-லிருந்து 38, 31, 27 என்று ஏறியிருந்தது.

"தண்ணி மேல வந்துட்டிருக்குது. நீங்க ஆயரம் அடிக்குக் கீழ தேடறீங்க. நம்மூருப் பூமி பாறைங். வெடிப்பு இருந்தாத்தான் தண்ணி. கீழ போகப் போக வெடிப்பும் கம்மி. கெணத்துல பத்தடிக்குச் சேறு கெடக்குது, மொதல்ல அதை எடுங். உபரித் தண்ணி வராத வருசமும் வரும், அதுக்குச் சொட்டுநீர் போடுங்" என்றாள்.

ரிக் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிரேன் வைத்துச் சேறு எடுத்தோம். போருக்குப் பேசிய காசில் கால்வாசிகூட ஆகவில்லை. எடுத்த வண்டல் வாழைக்கே போய்ச் சேர்ந்தது.

யார் விவசாயி?

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதம், மற்றவர்களுக்கு 75 சதவிகிதம் மானியம் உண்டு. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அந்தச் சான்றை வாங்கித் தோட்டக்கலைத் துறையில் விண்ணப்பம் கொடுத்தோம். நிலத்தைப் பார்க்க ஒரு தம்பி வந்தார்.

"விவசாயி யாருங்க?"

மண்வெட்டியும் கையுமாகச் சேற்றில் நின்றவள், வெள்ளை வேட்டியோடு வரப்பில் நின்ற என்னைக் கைகாட்டினாள். "அவருதானுங்."

தம்பி என் பக்கம் திரும்பினார். "வாழை என்ன ரகங்க?" நான் அவளைப் பார்த்தேன். "கதளிங்" என்றாள். "எப்ப நட்டது?" அவளைப் பார்த்தேன். "இடைவெளி?" அவளைப் பார்த்தேன். "மோட்டார் எத்தனை எச்.பி.?" என்றபோது அந்தத் தம்பியே என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் எழுதியது என் பெயரைத்தான். பட்டா என் பெயரில் இருந்தால் அவர் என்ன செய்வார், பாவம். 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிந்தபோதும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் எண். மாட்டிடம் உதை வாங்கின நான் எல்லாக் கணக்கிலும் விவசாயி. 30 வருஷமாகப் பண்ணயம் பார்க்கிற அவள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மகளிடம் போனில் பேசினேன். "இதுக்குப் போயி கேக்கோணுமாப்பா? அம்மா பேருக்கு எழுதுங்க" என்றாள். கிணறு இருக்கிற இரண்டு ஏக்கரை அவள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தோம். குடும்பத்துக்குள் எழுதுவதால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. அதனால் பிள்ளைகளைக் கலந்து பேசிவிட்டு எழுதுங்கள். பதிவோடு நிறுத்தாமல், சர்வேயர் வைத்து உட்பிரிவு அளந்து பட்டாவும் மாற்ற வேண்டும். இப்போது அதற்குத்தான் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறேன். அந்த டூட்டி எனக்கு நன்றாக வருகிறது.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது, "இனி நான் யாருங்? மொதலாளியா?" என்றாள்.

"குறு விவசாயி" என்றேன்.

"அப்ப நீங்க?"

"உன்னையவிடக் குறு."

ஆகவே, ஓய்வு பெற்று வரப்போகிற அண்ணன்மாருக்கு நான் சொல்வது இதுதான். பணத்தை ஒரு வருஷம் பேங்கிலேயே விடுங்கள். அந்த ஒரு வருஷமும் இத்தனை நாள் தோட்டத்தைப் பார்த்தது யாரோ, அவர் பின்னாலேயே நடங்கள். மனைவியோ, அம்மாவோ, தம்பியோ, பண்ணயத்து ஆளோ, யாராக இருந்தாலும் சரி. கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது காலண்டரில் கிணற்றுப் படியை எழுதுவது என் வேலை. டூட்டி சார்ட் அட்டையைப் பால் போசிக்கு மூடியாக்கிவிட்டாள். செவலை மட்டும் இன்னும் மனசு மாறவில்லை. நேற்றும் ஒரு உதை விழுந்தது. எனக்கில்லை, போசிக்கு.