“சார்ஜர் மேல தப்பு இல்ல தம்பி!” - ஒரகடம் குடோனில் ஒரு காலை

காணும் பொங்கலுக்கு மறுநாள். காலை ஆறரை மணி. ஒரகடம் பக்கத்தில் இருக்கும் அந்தக் குடோனின் வாசலில் மூன்று லாரிகள் சரக்கோடு நிற்கின்றன. உள்ளே, பேட்டரி ரூமில் மூன்றாம் நம்பர் ஃபோர்க்லிஃப்ட் அசையாமல் கிடக்கிறது. சார்ஜரின் பிளக்கை மாட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

“லீவுக்கு முன்னாடி நீதானே கடைசியா ஓட்டின? சார்ஜரை என்ன பண்ணி வெச்ச?”

சூப்பர்வைசர் கேட்டபோது அந்த இளைஞரின் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பைகூட இறங்கவில்லை. திருவண்ணாமலை பக்கத்துக் கிராமம். வயது 24. ஏஜென்சி மூலமாக வந்த கான்ட்ராக்ட் ஆபரேட்டர். இந்த மாதிரி வேலையில் ‘மெஷினைக் கெடுத்தவன்’ என்று ஒரு மெயில் ஏஜென்சிக்குப் போனால் போதும், அடுத்த வாரம் வேறொருவர் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பார். புது சார்ஜரின் விலை அவருடைய பல மாதச் சம்பளம் என்று யாரோ காதில் போட்டுவிட்டும் போனார்கள்.

ஏழு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் ‘அண்ணே’. வந்தவர் சார்ஜரைத் தொடவே இல்லை. முதலில் இளைஞரின் கையைப் பார்த்தார்.

“அந்தக் காப்பைக் கழட்டு.”

செம்புக் காப்பு. குலதெய்வக் கோயிலில் போட்டது. தயங்கியவரிடம் அண்ணன் தன் இடது கையை நீட்டினார். மோதிர விரலைச் சுற்றி, மோதிரம் மாதிரியே ஒரு தழும்பு. “அம்பத்தூர்ல வேலை பார்த்தப்ப. கல்யாண மோதிரம் டெர்மினலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ஒரு செகண்ட்கூட இருக்காது.” அந்த மோதிரம் இப்போது வீட்டு பீரோவில் இருக்கிறதாம். விசேஷத்துக்கு மட்டும் எடுத்துத் தருவாராம் அவர் மனைவி.

48 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கா அடிக்கப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஷாக் இல்லை, சூடுதான் ஆபத்து. ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி என்பது 2 வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாகக் கோத்த இரும்புப் பெட்டி. இங்கே இருப்பது முக்கால் டன் எடை. முன்னால் பளு தூக்கும்போது வண்டி குப்புறக் கவிழாமல் இருக்கப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எடையில் அதற்கும் பங்கு உண்டு. அதன் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு உலோகம் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தங்கம், செம்பு என்ற பேதமெல்லாம் பார்க்காது.

காப்பு பைக்குள் போனது. வேலை தொடங்கியது.

குடோனுக்கு வருவது த்ரீ ஃபேஸ் கரன்ட். அதில் ஒரு ஃபேஸ் போயிருந்தாலும் சார்ஜர் மக்கர் பண்ணும். நீண்ட லீவு முடிந்த காலையில் அது அடிக்கடி நடப்பதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்றும் இருந்தது. ஃபியூஸ்களும் சரி. பிளக்கின் உள்ளே செம்பு முனையில் லேசாகப் பச்சை படிந்திருந்தது. துடைத்து மாட்டினார். மறுபடி சிவப்பு.

“சர்வீஸுக்குப் போன் போட்டாச்சு. நாளைக்குத்தான் வருவாங்களாம். சார்ஜர்தான் போச்சு” என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. இளைஞரிடம், “அந்த ஒண்ணாம் நம்பர் மெஷினை இங்க கொண்டா” என்றார். அதுவும் அதே 48 வோல்ட், அதே அளவு பேட்டரி. அதே சார்ஜரின் அதே பிளக்கை அதில் மாட்டினார்.

பச்சை விளக்கு. மெல்லிய ரீங்காரத்தோடு சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ‘சார்ஜர் போச்சு’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. மல்டிமீட்டர் கூடத் தேவைப்படாத சோதனை இது. ஆனாலும் பதற்றத்தில் இருக்கும் குடோனில் முதலில் இதைச் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. பழி சொல்ல ஆள் தேடுவதுதான் முதலில் நடக்கிறது.

“சார்ஜர் மேல தப்பு இல்ல தம்பி. அது ஏத்த மாட்டேன்னு சொல்லுது. ஏன்னு பேட்டரியத்தான் கேக்கணும்.”

நல்ல சார்ஜ் உள்ள 48 வோல்ட் பேட்டரியை ஓய்வில் அளந்தால் 50-க்கு மேல் காட்டும். மூன்றாம் நம்பர் 34.6 காட்டியது. அந்த சார்ஜர், மாட்டியதும் முதலில் எதிரே இருக்கும் பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கும். கையேட்டின்படி 40-க்குக் கீழே இருந்தால், தவறான பேட்டரி என்றோ செல் போய்விட்டது என்றோ எடுத்துக்கொண்டு விலகிவிடும். அந்த ‘டக்’ சத்தம் அதுதான்.

ஒவ்வொரு செல்லாக அளந்தார். பெரும்பாலானவை 1.6 வோல்ட் அளவில். 11-ஆவது செல்லிலும் 17-ஆவது செல்லிலும் மீட்டர் மைனஸ் காட்டியது. முற்றிலும் காலியான பிறகும் கரன்ட் இழுத்துக்கொண்டே இருந்தால், இருப்பதிலேயே பலவீனமான செல்கள் இப்படித் தலைகீழாகத் திரும்பிவிடும்.

“நாலு நாள் யார் இதுல இருந்து கரன்ட் எடுத்தா?”

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார். “சாவியை நான்தான் ஆஃப் பண்ணலண்ணே.”

போகிக்கு முந்தின நாள் ராத்திரி. பேட்டரி 20 சதவிகிதத்துக்கு வந்து, ஃபோர்க் தூக்குவதை மெஷினே நிறுத்திவிட்டது. இந்த மெஷினில் அப்படித்தான் அமைப்பு. அதற்குமேல் ஓட்டினால் செல்லுக்குக் கேடு. சார்ஜ் போட வந்து பார்த்தால், லீவுக்காக ஷெட்டின் மெயின் கரன்ட்டையே அணைத்துவிட்டிருந்தார்கள். பாதுகாப்புக்காகத்தான். சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, “வந்து போட்டுக்கலாம் போப்பா” என்ற பதில். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்க வேண்டும். பொங்கல் கூட்டம். ஓடிய அவசரத்தில் சாவி ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிட்டது. டிஸ்ப்ளே, கன்ட்ரோலர், பின்னால் தரையில் விழும் நீல எச்சரிக்கை விளக்கு எல்லாம் சேர்ந்து நான்கு நாள்களில் மிச்சத்தைக் குடித்துவிட்டன.

வெளியே லாரி டிரைவர்கள் வெயிட்டிங் சார்ஜ் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். குடோனில் அன்றைக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரே சார்ஜ் அதுதான்!

சூப்பர்வைசர் ஒரு யோசனை சொன்னார். கார் பேட்டரிக்குச் செய்வது போல ஒன்றாம் நம்பரிலிருந்து இரண்டு கேபிள் இழுத்து ‘ஜம்ப்’ கொடுத்தால் என்ன?

“வேணாம் சார்.” அண்ணனின் குரல் அன்றைக்கு உயர்ந்தது அந்த ஒரு முறைதான். நிறைந்த பேட்டரியைக் காலி பேட்டரியோடு நேராக இணைத்தால் கரன்ட் கட்டுப்பாடில்லாமல் பாயும், முனையில் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பக்கத்திலேயே ஒன்றாம் நம்பர் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த, கையால் திருகி அளவு வைக்கும் பழைய சார்ஜரை எடுத்துவரச் சொன்னார். ஷட்டரைத் திறந்து வைத்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செல் மூடிகளைத் திறந்து பார்த்தார். சிலவற்றில் ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தன. அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். நிறைய ஊற்றப் போன இளைஞரைத் தடுத்தார். சார்ஜ் ஏற ஏற உள்ளே திரவம் பொங்கும். இப்போதே நிரப்பினால் ஆசிட் வழிந்துவிடும். முழு அளவு, சார்ஜ் முடிந்த பிறகுதான். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, தாங்கள் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டரா, குடிக்கிற கேன் தண்ணீரா என்று யோசித்துக்கொள்ளலாம். கேன் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

500 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு வெறும் 10 ஆம்பியர். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுப்பது மாதிரி. அரை மணிக்கு ஒரு முறை செல்களின் சூட்டைப் பார்க்கும் வேலை இளைஞருக்கு. இதற்கிடையில் ஒன்றாம் நம்பரைப் பாதி சார்ஜில் எடுத்து லாரிகளை இறக்கினார்கள். மீதியைக் கையால் இழுக்கும் பேலட் டிரக்கில் நான்கு பேர் இழுத்தார்கள்.

பத்தரை மணிக்கு வோல்டேஜ் 46-ஐத் தொட்டது. பழைய சார்ஜரை அணைத்துவிட்டு உண்மையான சார்ஜரின் பிளக்கை மாட்டினார் அண்ணன். ‘டக்’. இளைஞர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பச்சை.

அடுத்தது பிரேக்டவுன் ரிஜிஸ்டர். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். “ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுங்க” என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் நிதானமாக நான்கு வரி எழுதினார். 20 சதவிகிதத்தில் மெஷின் நிறுத்தப்பட்டது. மெயின் கரன்ட் இல்லாததால் சார்ஜ் போட முடியவில்லை, சூப்பர்வைசரிடம் சொல்லப்பட்டது. சாவி நான்கு நாள் ஆனில் இருந்தது. சார்ஜர் நல்ல நிலையில் உள்ளது, 11, 17 செல்கள் கண்காணிப்பில்.

இளைஞரிடம் பேனாவை நீட்டினார். மூன்றாவது வரியைப் படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசருக்கான இடம் மத்தியானம் வரை காலியாக இருந்தது. ஷிஃப்ட் முடியும்போது பார்த்தால், சின்னதாக ஒரு இனிஷியல். ஏஜென்சிக்கு மெயில் போகவில்லை.

மறுநாள் காலை, காப்பை லாக்கரில் வைத்துவிட்டு இளைஞர் ஹைட்ரோமீட்டரோடு பேட்டரி ரூமுக்குள் போனார். நல்ல செல்களில் ஆசிட்டின் அடர்த்தி 1.270-க்கு மேல். 11-ஆவது செல் 1.230. 17-ஆவது 1.195. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“பதினேழு இன்னும் முழிக்கல. ஈக்வலைஸ் சார்ஜ் போட்டு நாளைக்குத் திரும்பப் பாரு. பார்த்து, நீயே எழுது.”