கிட்ஹப் ஏன் கடவுச்சொல்லை ஏற்பதில்லை?

"பாஸ்வேர்டு சரியாத்தானுங்க சார் போட்டேன்!"

கோவை பீளமேட்டில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் காதில் விழுந்த குரல் இது. தான் எழுதிய நிரலை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வழியாக, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு ஏற்றப் பார்க்கிறார் ஒரு மாணவர். பயனர் பெயர் கேட்டது, கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது. தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. என்டர் அழுத்தியதும் பதில் வந்தது: கடவுச்சொல் கொண்டு நுழையும் வசதி 2021 ஆகஸ்ட் 13 அன்று நீக்கப்பட்டுவிட்டது.

அதே கடவுச்சொல்லை உலாவியில் போட்டால் கிட்ஹப் திறக்கிறது. டெர்மினலில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கித் தேடிப் போனேன். அது அமெரிக்காவின் எம்ஐடி வரை இழுத்துப் போனது.

ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழிசெய்யும் சிடிஎஸ்எஸ் அமைப்பை 1961-இல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அங்கே செய்துகாட்டியது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்காமலிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. கூடவே திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. 1962-இல் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி துளையட்டையில் கட்டளை கொடுத்தார். மொத்தப் பட்டியலும் தாளில் கிடைத்துவிட்டது. பின்னொரு நாள் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தெரிந்தன.

அடுத்த தடம் பின்லாந்தில் கிடைத்தது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்துக் கடவுச்சொற்களை அள்ளினார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட் வழியே கடவுச்சொல் அப்பட்டமாகப் பயணித்த காலம் அது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் அதற்கு விடையாக, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனும் ஓர் எண் உண்டு: கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஆம் எண் போர்ட்டைக் கேட்டு வாங்கினார்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கிட்ஹப் ஏற்கும் எஸ்எஸ்எச் சாவி முறையில் சாவிகள் இரண்டு. பொதுச்சாவியைக் கிட்ஹப்பில் பதிந்து வைக்கிறோம். தனிச்சாவி நம் கணினியிலேயே இருக்கும். நுழையும்போது நம் கணினி தனிச்சாவியால் ஒரு கையொப்பம் இட்டு அனுப்புகிறது, கிட்ஹப் அதைப் பொதுச்சாவியால் சரிபார்க்கிறது. ரகசியம் வலையில் ஏறுவதே இல்லை. ஒட்டுக்கேட்பவன் கையில் ஒன்றும் சிக்காது.

சாவி வேண்டாதவர்களுக்கு, கடவுச்சொல்லின் இடத்தில் இடுவதற்காகக் கிட்ஹப் உருவாக்கித் தரும் நீண்ட எழுத்துத்தொடரான டோக்கன் உண்டு. ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் வைப்பது நம் பழக்கம். எங்கோ ஒன்று கசிந்தால் கிட்ஹப் கணக்கு முழுதும் போய்விடும். டோக்கனுக்கோ காலக்கெடு வைக்கலாம், அதிகாரத்தைக் குறுக்கலாம், அதை மட்டும் தனியே ரத்து செய்யலாம். 2020 செப்டம்பரில் முதல் முழுப் பதிப்பு கண்ட கிட்ஹப்பின் கட்டளைக் கருவி இன்னும் எளிது: டெர்மினலில் எட்டு எழுத்துக் குறியீடு தரும்; உலாவியில் அதை இட்டு ஒப்புதல் கொடுத்தால் வேலை முடிந்தது. ஸ்மார்ட் டிவி போல, தட்டச்சு செய்யச் சிரமமான கருவிகளுக்காக 2019-இல் தரப்படுத்தப்பட்ட முறை இது. ஓடிடி பார்க்க டிவியில் வரும் குறியீட்டைப் போனில் போடுகிறோமே, அதேதான்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. எழில் மொழி அறக்கட்டளையின் ஓப்பன்-தமிழ் நிரலகமும் கணியம் அறக்கட்டளையின் திட்டங்களும் கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. மாற்றங்களை ஏற்கும் அனுமதி பெற்ற ஒருவரின் சாவி களவு போனால், அந்த நிரலை நம்பி எடுத்துப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் ஆபத்து.

நிரல் எழுதப் பழகும் தம்பி தங்கைகளே, சாவி உருவாக்கும்போது அதற்கொரு ரகசியத் தொடரும் வையுங்கள். டோக்கனை நிரலுக்குள் எழுதாதீர்கள். தவறி ஏற்றிவிட்டால், முதலில் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள். கோப்பை மட்டும் அழித்தால் போதாது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும்.