பாதியில் நின்ற பொதி

குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் பெயர்தான். விமானப் பொறியியலை அவர் பயின்றது அங்கேதான். அதே வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம், சென்னை சி-டாக்குடன் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தைத் தொடங்கியதை அறிந்தோர் சிலரே. டெபியன் லினக்ஸைத் தழுவி 2007-இல் 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளம் வந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுக்கு அருகே அதுவும் குடியிருந்தது. நாம் அறிந்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர் அரியர்.

சேலையூரில் நம் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவி அப்படியல்லள். டெபியனிலேயே ஆய்வேட்டை எழுதி வந்தாள். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய மாலை, மென்பொருள்களைப் புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் போயிற்று. பேட்டரியோ செத்து நெடுநாள். மின்சாரம் மீண்டபோது எழுதும் மென்பொருள் திறக்கவில்லை. பழுது பார்க்கும் கடையில், எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றவேண்டும் என்றார்களாம். "அழித்தால் என் எழுத்தெல்லாம் போய்விடுமே, மாமா!" என்று கலங்கி நின்றாள்.

போகாது. பொதி மேலாளர் கைவைப்பது மென்பொருள்களில்தான். வீட்டு அடைவில் நாம் எழுதி வைத்தவற்றில் அன்று. ஆயினும் முதற்காரியமாக ஆய்வேட்டைப் பென் டிரைவில் படியெடுக்கச் சொன்னோம்.

டெபியனில் 'டிபிகேஜி' என்னும் கணக்கப்பிள்ளை ஒருவர் உண்டு. பொதியைப் பிரித்துக் கோப்புகளை அடுக்குவது அவருடைய முதல் வேலை. அமைத்துச் சீர்செய்வது அடுத்தது. ஒவ்வொரு பொதியும் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பேரேட்டில் பதிந்துகொண்டே போவார். ஆகவே விளக்கு அணைந்தாலும் எங்கே நின்றோம் என்பது அவருக்குத் தெரியும். 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று கட்டளையிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. நமக்கு அது அறவே உடன்பாடில்லை. வேறொரு நிறுவல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரே பேரேட்டில் இருவர் எழுதிக் கணக்கே குழம்பிவிடும். ஏதும் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் முடியும்வரை காத்திருப்பதே முறை. இங்கே ஏதும் ஓடவில்லை.

முதற்கட்டளைக்குப் பல பொதிகள் சீராயின. ஒன்று மட்டும், தான் சார்ந்திருக்கும் வேறொரு பொதி வந்து சேரவில்லை என்று முரண்டு பிடித்தது. கைப்பேசி வழியே இணையம் தந்து, 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்' என்றோம். இது சிற்சில வேளைகளில் பொதிகளை நீக்கவும் துணியும். எனவே அது காட்டும் பட்டியலை வரிவரியாகப் படித்தபின்னரே ஆம் என்று சொல்லவேண்டும். மாணவி உரக்கப் படித்தாள். நீக்குவதற்கு ஒன்றுமில்லை, சேர்ப்பதற்கு இரண்டே இரண்டு.

இரவு பத்தரைக்கு ஆய்வேடு திறந்தது. மூன்றாம் அத்தியாயத்துக்கு அடிக்குறிப்புகள் இன்னும் எழுதியாகவில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.