பனிக்காலத்து விருந்தாளிகள்

மார்கழி கழிந்து தை பிறக்கும் வேளையிலே கண்டி மாநகரம் தனியோர் அழகு பெறுகின்றது. பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும். காலையிலே வாவியின்மீது மூடுபனி வெண்துகில்போலப் படர்ந்து கிடக்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊராதலின், இங்குள்ள குளிர் எலும்பைத் துளைப்பதன்று; ஒரு சால்வையோடு சமாளித்துவிடலாம். நுவரெலியாவின் குளிருக்கு அஞ்சுவோரும் கண்டிக் குளிரை விரும்புவர்.

மேல்நாடுகளிலே, குறிப்பாகக் கனடாவிலே, ஓய்வுபெற்ற முதியோர் பலர் பனிக்காலம் வந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புளோரிடா முதலிய வெயில் நாடுகளுக்குச் சென்றுவிடுவர். அவர்களைப் ‘பனிப்பறவைகள்’ என்று அழைப்பது அங்கே வழக்கம். கண்டியிலே ஆசிரியத் தொழில் புரியும் நம் வீட்டிற்கும் ஆண்டுதோறும் இரண்டு பறவைகள் வருவதுண்டு. ஆனால் அவை வெயிலை நாடி வருவன அல்ல. வெயில் நாடாகிய யாழ்ப்பாணத்திலிருந்து குளிரை நோக்கி வருவன. உள்ளபடி சொன்னால், குளிரையும் நாடியன்று, பேரப்பிள்ளைகளை நாடியே வருவன. நம் மனைவியாரைப் பெற்ற மாமாவும் மாமியுமே அப்பறவைகள்.

மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். மூத்த மகன் ரொறன்ரோவிலும், இளைய மகள் கொழும்பிலும், நடுவிலுள்ள மகள் நம்முடனும் இருக்க, ஊரிலுள்ள பெரிய வீட்டிலே அவர்கள் இருவர் மட்டுமே வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திற்கும் தெற்கிற்கும் இடையே 1956ஆம் ஆண்டு தொடக்கம் ஓடிய யாழ்தேவி 1990இலே நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் இல்லாதொழிந்தன. மீண்டும் 2014 ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாண நிலையத்தில் புகைவண்டியின் ஒலி கேட்டது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிலே எத்தனையோ கலியாணங்களும் மரணங்களும் உறவினர் முகங்காணாமலே நடந்தேறின. பாதை திறந்த அடுத்த தையிலேயே மாமாவும் மாமியும் பயணம் தொடங்கிவிட்டனர். கண்டியில் மூன்று வாரம், கொழும்பில் இரண்டு வாரம், சிவராத்திரிக்கு முன் ஊர் திரும்புதல் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நியமம்.

2020ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்குச் சில நாள் முன்னதாக, நாம் பொல்காவலைச் சந்திவரை சென்று அவர்களை எதிர்கொண்டோம். வடக்கிலிருந்து வருவோர் கண்டி வண்டிக்கு மாறும் இடம் அதுவே. மாமாவின் கையிலே ஒரு பிரம்புக்கூடை. மாமியின் கையிலே துணியால் வாய் கட்டிய ஒரு பெரிய பை. புழுக்கொடியலும் பனாட்டும், ஓலைக் குட்டானிலே பனங்கட்டியும், வறுத்திடித்த மிளகாய்த்தூளும், ஒரு போத்தல் நல்லெண்ணெயும் அவற்றினுள்ளே இருந்தன. “கண்டியிலே இவையெல்லாம் கடையில் வாங்கலாமே, மாமி” என்றோம். “கடைச்சாமான் வேறை, தம்பி, வீட்டுச்சாமான் வேறை” என்று ஒரே வாக்கியத்தில் விடை பகர்ந்தார்.

ரம்புக்கணையைத் தாண்டியதும் வண்டி மூச்சிரைத்து மலையேறத் தொடங்கியது. 1867இலே கண்டிவரை இருப்புப்பாதை அமைத்தோர் மலையைக் குடைந்தும் பாறையின் விளிம்பை வெட்டியும் வழிகண்ட விந்தையை இன்றும் இங்கே காணலாம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் கண்ணுக்கெட்டாத பள்ளத்தாக்கு. மாமா ஜன்னலோரத்தில் அமர்ந்து, பலனை, கடுகண்ணாவை, பிலிமத்தலாவை என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அது வருமுன்னரே சொல்லிக்கொண்டு வந்தார். 1962இலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவனாக இதே பாதையில் வந்தவரல்லவா அவர்! பேராதனை வந்ததும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பொங்கலன்று முற்றத்திலே பானை வைத்தோம். ஊர்ப் பனங்கட்டியோடு கண்டிக் கித்துள் கருப்பட்டியும் கலந்தது மாமியின் யோசனை. இரண்டும் பனையினத்து மரங்கள் தந்தவைதாமே! கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலில் வழிபட்டுத் திரும்புகையில், பிள்ளைகள் அம்மப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு வாவியைச் சுற்றினர்.

கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், 1807இலே வயல்நிலத்தை வாவியாக்கிய கதையை மாமா அவர்களுக்குச் சொன்னார். அம்மன்னன் நாயக்கர் வழிவந்தவன். அவன் உறவினர் வாழ்ந்த தெரு இன்றும் மலபார் வீதி என வழங்குகின்றது. கண்டியரசர்க்கு மதுரையிலிருந்து மணப்பெண் கொண்டுவருவது மரபாயிருந்தது. பெண்ணோடு சுற்றமும் கடல்கடந்து வந்து குடியேறிற்று. 1815இலே மன்னன் பிடிபட்டு, பின்னர் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். “அரசனுக்குமா ஊர் திரும்ப முடியேல்லை?” என்று நம் இளைய மகள் வினவினாள். மாமா விடை சொல்லாது வாங்கொன்றில் அமர்ந்தார். அந்த ஒரு சுற்றுக்குள் அவர் மூன்று முறை அமர்ந்ததை நாம் கவனியாமல் இல்லை.

அவ்வாண்டு நம் மனத்திலே ஓர் எண்ணம் இருந்தது. பின்புறத்து அறைக்குப் புதிதாக வெள்ளையடித்து, கட்டிலும் மேசையும் இட்டு, இருவரையும் நிரந்தரமாக நம்முடன் இருத்திக்கொள்வதென நாமும் மனைவியாரும் முடிவு செய்திருந்தோம். எப்படிக் கேட்பது என்பதே தயக்கம்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேராதனைக்குச் சென்றோம். பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறும் வழியிலே மாமா பாதியில் நின்று, அங்கிருந்தபடியே கைகூப்பினார். மாமி நம்மை ஒரு பார்வை பார்த்தார். பின்னர் தாவரவியற் பூங்காவிற்குச் சென்றோம். மகாவலி கங்கை ஏறக்குறைய முழுவதும் வளைத்தோடும் அப்பூங்காவிலே, 1901இல் இங்கிலாந்து இளவரசராக வந்து பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்கமரம் உண்டு. வானளாவும் மூங்கிற் புதர்கள் உண்டு. அவற்றையெல்லாம் கடந்து மாமி நேரே சென்று நின்ற இடம், இருமருங்கும் பனைமரங்கள் வரிசையாக நிற்கும் சாலையாகும். மலைநாட்டிலே பனை! ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்து, “பாவம், கிழங்கு போட ஆளில்லை” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்தப் பனைநிழலிலேதான் நாம் வாய்திறந்தோம். “மாமா, இனி இந்த அலைச்சல் வேண்டாம். நீங்கள் இருவரும் எங்களோடேயே இருந்துவிடுங்கோ. அறை ஆயத்தமாயிருக்கிறது.”

மாமா சற்று நேரம் ஆற்றையே நோக்கியிருந்தார். “உங்கடை மனம் எனக்கு விளங்குது, தம்பி. ஆனால் இஞ்சை வந்து இருந்திட்டால் நாங்கள் பிறகு எங்கையிருந்து வாறது? வாறதும் போறதும் தானே எங்களுக்கு இப்ப உள்ள வேலை. அதோடை, ரொறன்ரோவிலை இருக்கிறவன் ஒருநாள் வந்தால் படலையைத் திறக்க ஆள் வேண்டாமோ? ஊரிலை ஒரு விளக்கு எரியவேணும்.”

சொல்லின் நியாயம் புரிந்தாலும் மனம் சிறிது நொந்தது. நம் அன்பை அவர் மதிக்கவில்லையோ என்று எண்ணினோம். அப்பொழுது அவர் பையிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்து நீட்டினார். “கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன். இண்டைக்குப் பேராதனைக்கு வந்ததை இதிலை எழுதிவிடுங்கோ” என்றார். திறந்து பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து இரண்டு நிரைகள்: ‘நாங்கள் போனது’, ‘பிள்ளைகள் வந்தது’. முதல் நிரை நிரம்பி வழிந்தது. இரண்டாம் நிரையில் நம் பெயருக்கு எதிரே இருந்த கடைசிக் குறிப்பு, 2016 ஆவணி, நல்லூர்த் திருவிழா. அதன்பின் வெற்றுத்தாளே. பரீட்சை விடைத்தாள், மாலை வகுப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று நாம் ஆண்டுதோறும் சொன்ன சாட்டுகளுள் ஒன்றுகூட அதில் எழுதப்படவில்லை. கண்டனமாக ஒரு சொல்லும் இல்லை. அன்றைய தேதியை எழுதிய நம் கை நடுங்கியது.

மாசியிலே அவர்கள் கொழும்பு சென்று, வழக்கப்படி சிவராத்திரிக்கு முன் ஊர் சேர்ந்தனர். கூடையிலே கறுவாவும் கிராம்பும் கித்துள் பாணியும் வைத்து அனுப்பினோம். சித்திரை விடுமுறையில் வருவதாக வாக்களித்தோம். அதற்குள் மார்ச் 20ஆம் தேதி கொரோனாவின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. பள்ளிகள் மூடின, வண்டிகள் நின்றன. விடைத்தாளும் இல்லை, மாலை வகுப்பும் இல்லை, நேரம் மலைபோற் குவிந்திருந்தது. போக வழிதான் இல்லை! மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி மணி ஒலிக்கும். “வாவியிலை தண்ணி நிறைய நிக்குதோ?” என்று மாமா கேட்பார். வெளியே செல்ல முடியாத நாம், “நிக்குது, மாமா” என்போம்.

2021 டிசம்பர் இறுதியிலே நாம் குடும்பத்தோடு யாழ்ப்பாண வண்டியேறினோம். இம்முறை கூடை நம் கையில் இருந்தது. படலையடியிலே மாமா ஊன்றுகோலோடு நின்றார். மாமி அடுப்படியிலிருந்து கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அன்றிரவு பிள்ளைகள் உறங்கியபின், மேசைமேல் இருந்த கொப்பியை நாமே எடுத்து, இரண்டாம் நிரையிலே தேதியை எழுதினோம். மாமா எட்டிப் பார்த்து, “எழுத்து வடிவாயிருக்குது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

முதியோரை நம் வீட்டில் இருத்திக்கொள்வதே அன்பின் எல்லை என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவர்களுள் பலர் வேண்டுவது அறையன்று. தம் வீட்டு வாயிலிலே நம் காலடியோசை. வாசக அன்பர்களே, உங்கள் பெற்றோர் இவ்வாண்டு பனிக்காலத்திலே உங்களிடம் வந்தால் மகிழுங்கள். ஆனால் அவர்களிடம் நீங்கள் கடைசியாகச் சென்றது எப்போது என்பதையும் ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.