எடைக்குப் போட்டவை

அல்வாலின் குடியிருப்புத் தெருக்களில் முற்பகல் வேளையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று மெல்ல நகர்ந்து செல்லும். பழைய சாமான்கள் வாங்கப்படும் என்று பதிவுசெய்த குரலொன்று தெலுங்கில் திரும்பத் திரும்ப அறிவிக்கும். அந்த அறிவிப்பில் வரும் 'பாத' என்ற சொல்லும் தமிழின் 'பழைய' என்ற சொல்லும் ஒரே திராவிட வேரின் இரு கிளைகள். தமிழில் இவ்வேர் இரு வேறு விலைகளைச் சுமந்து நிற்கிறது. 'பழைய சாமான்' எடைக்குப் போகிறது. 'பழம்பொருள்' கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. ஒரே குத்துவிளக்கு முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்பட்டு, சில வாரங்களில் பின்னதாக ஒரு கடையில் நிற்கக்கூடும். இடையில் அதன் உலோகம் மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. இலாபத்தின் பெரும்பகுதி அந்தப் பெயர்மாற்றத்தில் இருக்கிறது. பழம்பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கி மிகுந்த விலைக்கு விற்பது முறையா என்ற கேள்வியை வணிக அறமாக மட்டுமன்றிப் பேச்சின் அறமாகவும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அல்வாலில் இக்கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. 1806இல் செகந்திராபாத் கண்டோன்மென்ட் உருவான பிறகு, சென்னை மாகாணத்துப் படைகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் திருமலகிரி, போலாரம், அல்வால் வட்டாரங்களில் தங்கின. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் பின்னாளில் இங்கே மனை வாங்கினர். 2007இல் அல்வால் நகராட்சி பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. சுற்றுச்சுவரும் மாமரமும் கொண்ட தனி வீடுகள் இப்போது அடுக்ககங்களுக்கு வழிவிட்டு வருகின்றன. வீட்டைக் கட்டுமானக்காரரிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. பிள்ளைகள் பெங்களூருவிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். பரணில் கிடப்பவற்றை ஒரு வாரத்தில் காலி செய்தாக வேண்டும். அந்த வாரத்தில் வாசலில் நிற்பவர் சொல்லும் விலையே விலை. அவரிடமிருந்து பொருள் வியாழக்கிழமைச் சந்தையான ஜும்மேராத் பஜாருக்கோ, சார்மினாரை அடுத்த மஹபூப் சௌக்கின் பழம்பொருள் கடைகளுக்கோ போகிறது. அங்கிருந்து மும்பைக்கோ இணைய ஏலத்துக்கோ போவதும் உண்டு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை ஏறுகிறது. முதற்கைக்கு மட்டும் உலோக விலை.

இந்த ஏற்றம் முழுவதையும் கொள்ளை என்று சொல்வது எளிது, அது சரியன்று. வாங்கிய நூறு பொருள்களில் தொண்ணூறு வெறும் பித்தளையாகவே இருக்கும். எஞ்சிய பத்தை இனங்காணும் கண் பல ஆண்டு உழைப்பில் வாய்ப்பது. கிடங்கு வாடகை, துலக்கும் கூலி, முடங்கிய முதல், போலியை வாங்கி ஏமாறும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் வணிகரின் பொறுப்பு. கற்ற அறிவால் வரும் ஊதியம் தகாதது என்றால், பேராசிரியர்களின் சம்பளத்தையும் கேள்விக்கு உட்படுத்த நேரும்.

சட்டமும் வணிகரின் பக்கமே சாய்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, இவ்வகையில் ஆழ்ந்து படிக்கத் தக்கது. ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமுவந்து இசைந்தால் அது செல்லும் என்கிறது பிரிவு 25க்கான எடுத்துக்காட்டு. ஒரு பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்து, உண்மை நிகழ்வு பற்றிய பிழையாகக் கருதப்படாது என்கிறது பிரிவு 20. பிரிவு 17 இன்னும் நுட்பமானது. மறுதரப்பின் இசைவைப் பாதிக்கக்கூடிய உண்மையைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே மோசடியாகாது. ஆனால் பேசவேண்டிய கடமை உள்ள இடத்திலும், மௌனமே பேச்சுக்கு நிகராக அமையும் இடத்திலும் அது மோசடியாகும். எடுத்துக்காட்டுகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. இரு வணிகர்களுக்கு இடையே, விலை மாறிய செய்தியை அறிந்தவர் மற்றவருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் குறையுள்ள குதிரையை, அண்மையில் பருவம் எய்திய தன் மகளுக்கே விற்பவர் அக்குறையைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தை வரைந்தோர் சந்தையையும் வீட்டையும் வேறுபடுத்தியே பார்த்திருக்கிறார்கள். ஜும்மேராத் பஜாரின் நடைபாதையில் கடை விரித்தவரிடம் பேரம் பேசுவது முதல் வகை. அல்வாலில் ஒரு மூதாட்டியின் வாசற்படியில் நடப்பது முதல் வகையன்று; இரண்டாம் வகையா என்பதே வழக்கு.

'மௌனம் பேச்சுக்கு நிகராகும் இடம்' எது என்பதை வழக்கறிஞர்களிடம் மட்டும் விட்டுவிடத் தேவையில்லை. மொழியியலுக்கும் அதில் உரிமை உண்டு. சொல்லின் பொருள் வெளிப்படையாகத் தெரிவதும் உண்டு, குறிப்பால் தோன்றுவதும் உண்டு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பகுத்துவைத்தது. இருபதாம் நூற்றாண்டில் பால் கிரைஸ், கேட்பவர் எதை ஊகிக்கும்படி ஒருவர் பேசுகிறாரோ அதுவும் அவர் பேச்சின் பகுதியே என்று காட்டினார். இப்போது வாசற்படியில் நிற்பவரைக் கவனிக்கலாம். விளக்கைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தராசில் வைத்து, 'அம்மா, பித்தளை கிலோ இவ்வளவு' என்கிறார். அவர் பொய் எதையும் சொல்லவில்லை. எனினும் தராசை எடுத்த செயலே ஒரு கூற்று: இப்பொருளில் விலைபெறுவது அதன் எடை மட்டுமே. அவர் மனத்தில் இருக்கும் விலைக்கும் எடைக்கும் தொடர்பில்லை என்றால், அந்தக் கூற்று பொய். அது மௌனம் என்ற பெயரில் தப்பிக்க முடியாது. 'இதை என்ன விலைக்குத் தருவீர்கள்?' என்று மட்டும் கேட்டு நிறுத்துபவர் வேறு வகையினர். அவரும் தம் அறிவைப் பகிர்ந்துகொள்ளவில்லை. ஆனால் பொருளுக்குத் தவறான பெயரைச் சூட்டவும் இல்லை. மதிப்பு எதுவோ என்ற ஐயம் விற்பவருக்கு எழ இடம் விட்டிருக்கிறார். முதலாமவரைக் கண்டிப்பதற்கு இரண்டாமவரையும் சேர்த்துக் கண்டிக்க வேண்டியதில்லை.

பிரான்சின் அலெஸ் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று இந்த எல்லைக்கோட்டை உலகறியச் சோதித்தது. முதிய தம்பதியர் 2021இல் தம் வீட்டைக் காலி செய்தபோது, ஆப்பிரிக்க முகமூடி ஒன்றைப் பழைய பொருள் வணிகரிடம் 150 யூரோவுக்கு விற்றனர். அது காபோன் நாட்டு ஃபாங் மக்களின் ந்கில் முகமூடி. உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 2022 மார்ச்சில் மோன்பெலியே ஏலத்தில் அதன் விலை 42 லட்சம் யூரோவை எட்டியது. செய்தித்தாளில் அதைக் கண்ட தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். தமக்கும் அதன் மதிப்பு தெரியாது, ஆய்வு செய்த பிறகே தெரிந்தது என்பது வணிகரின் வாதம். ஏலத்தின் தொடக்க விலையான 3 லட்சம் யூரோவைத் தர அவர் முன்வந்ததும் உண்டு. 2023 டிசம்பரில் அலெஸ் நீதிமன்றம் தம்பதியரின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது: விற்குமுன் மதிப்பறிய முயலாதது அவர்கள் குறை. பிரான்சின் உச்ச நீதிமன்றமும் 2000 மே 3இல் ஏறத்தாழ இதே தொனியில் தீர்ப்பளித்திருந்தது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் எதுவார் பால்துஸின் படங்களைத் தலா ஆயிரம் ஃபிராங்குக்கு விற்ற பெண்மணி, பின்னர் அவற்றின் உண்மை மதிப்பை அறிந்து முறையிட்டார். வாங்குபவருக்குத் தெரிவிக்கும் கடமை இல்லை என்றது நீதிமன்றம். அவ்வழக்கில் இரண்டாம் முறை வாங்குபவரைத் தேடிச் சென்று பழைய விலையையே சொன்னவர் விற்பவர்தாம் என்பதையும் மறக்கலாகாது.

முகமூடி வழக்கின் கூர்மை மற்றோரிடத்தில் இருக்கிறது. அம்முகமூடி அத்தம்பதியருக்கு வந்தது, ஆப்பிரிக்காவில் காலனிய ஆளுநராக இருந்த மூதாதை ஒருவர் வழியாக. 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை ஒரு காபோன் ஊரிலிருந்து எடுத்துவந்தபோது என்ன விலை பேசப்பட்டது, பேசப்பட்டதா என்ற கேள்வியோடு காபோன் அரசும் வழக்கில் நுழைந்தது. அதன் கோரிக்கையும் தள்ளுபடியானது. ஏமாற்றப்பட்டதாகக் கருதிய தம்பதியரும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியே. விலைப்பட்டியலில் முதல் விற்பனையாளரின் பெயர் இல்லாத பொருள்களே அருங்காட்சியகங்களை நிறைத்திருக்கின்றன.

தனியார் வணிகரை நோக்கி விரல் நீட்டும் முன் அரசையும் பார்ப்பது நன்று. இன்றும் நடைமுறையிலுள்ள 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, கண்டெடுத்த புதையலை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மூல உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். அதாவது எடைக்கு எடை, கூடவே இருபது விழுக்காடு. வாசற்படித் தராசுக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி தேவையில்லை. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வல்லுநர் குழு சந்தை மதிப்பைக் கணித்துப் பரிசளிக்கும் முறை இருக்கிறது; இந்தியா காலனியச் சட்டத்தையே வைத்துக்கொண்டது. நூறாண்டு கடந்த பொருள்களையும் எழுபத்தைந்தாண்டு கடந்த சுவடிகளையும் காக்கும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் பதிவு, உரிமம், ஏற்றுமதித் தடை ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறது. வீட்டிலிருந்து பொருளை விற்பவர் உரிய விலை பெற்றாரா என்று அது கேட்பதில்லை. ஏற்றுமதித் தடை, வாங்குவோரின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. குறைந்தால் விலை யாருக்குச் சாதகம் என்பது வெளிப்படை. ஹைதராபாத் நிஜாமின் அணிகலன்கள் 173ஐயும், ஜேக்கப் வைரம் உட்பட, நெடிய வழக்குகளுக்குப் பிறகு 1995இல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நிஜாமின் வாரிசுகளுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், கூடவே மதிப்பீட்டாளர்களும். அல்வாலின் பரணுக்கு அப்படி எவரும் இல்லை.

அறியாமையால் அன்றி இயலாமையால் விலை குறையும் இடம் செட்டிநாடு. தாம் விற்பது எது என்று நகரத்தார் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டாம் உலகப் போரையும் பர்மாவின் இழப்பையும் தொடர்ந்து செல்வம் சுருங்கியது. ஒரே வீட்டில் பங்காளிகளின் எண்ணிக்கை தலைமுறைதோறும் பெருகியது. பர்மாத் தேக்குத் தூணை யாரும் தனியாகப் பங்கிட்டுக்கொள்ள முடியாது, பணத்தைப் பங்கிடலாம். அவ்வாறு இடிந்த வீடுகளின் கதவும் நிலையும் எனாமல் பாத்திரமும் ரவி வர்மா அச்சுப்படமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கப்பட்டன. இவ்வூர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதனால் கடைகளில் விலை ஏறியிருக்குமே தவிர, இடிப்பு நின்றுவிட்டதாகத் தெரியவில்லை. அக்கடைகள் இல்லாதிருந்தால் அத்தூண்களில் பல விறகாகியிருக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அருகிலுள்ள கோட்டையூரின் ரோஜா முத்தையா, பிறர் கழித்துவிட்ட அச்சுத் தாள்களையும் நூல்களையும் தேடித் தேடிச் சேர்க்காதிருந்தால், சென்னையில் 1994இல் அவர் பெயரால் நூலகம் எழுந்திருக்காது. தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றிய ஆய்வேடுகள் பல இன்றைய வடிவில் இருந்திருக்கா. காப்பாற்றியவர் என்ற பெயர் சிலருக்கு உரியதே. ஆனால் அது எல்லாக் கடைக்காரருக்கும் பொதுவான கவசமாகிவிடக் கூடாது. காப்பது ஒரு செயல், விலையை அடித்துக் கேட்பது மற்றொரு செயல். முதலாவதைச் செய்ய இரண்டாவது கட்டாயமில்லை.

ஆய்வுலகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்கு அரிய முதற்பதிப்பு வாய்த்தது என்று படத்தோடு மகிழ்வோர் ஆய்வாளர்களே. விற்றவர் நூலை எடைக்கு வாங்கியவர், அவரும் வணிகர் என்பதால் இதில் பெரும் பிழையில்லை. அதே ஆய்வாளர் களப்பணிக்குச் சென்ற வீட்டில் ஓலைச்சுவடிக் கட்டுக்கு 'ஏதோ கொடுங்கள்' என்ற சொல்லைக் கேட்டு ஐந்நூறு ரூபாயை நீட்டும்போது, அவர் நடைபாதையிலிருந்து வாசற்படிக்கு வந்துவிட்டார். அதில் இலாப நோக்கம் இல்லை என்பது போதிய விடையன்று. முனைவர் பட்டமும் ஒரு வகை ஊதியமே.

புகாரின் வணிகரைப் பட்டினப்பாலை புகழும்போது, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் இருந்ததோடு நில்லாது, பண்டத்தின் விலையை வெளிப்படச் சொல்லி விற்றார்கள் என்பதையும் சேர்க்கிறது. சொல்லுதல் என்ற செயலுக்கு அங்கே தனி இடம் இருக்கிறது. நடைமுறையிலும் அதற்கு ஒரு வடிவம் உண்டு: பொருளை விலைக்கு வாங்காமல், விற்றுத் தந்து கழிவு பெறும் ஏல நிறுவனங்களின் முறை. அதில் விலை ஏறினால் இருவருக்கும் நன்மை, மறைப்பதால் பயனில்லை. இம்முறை தெருவுக்கு வராததற்குக் காரணம் வணிகரின் பேராசை மட்டுமன்று. விற்பவருக்கு வேண்டியது மூன்று மாதம் கழித்து வரும் நியாய விலையன்று, இன்றே காலியாகும் அறை. ஆகவே அவசரத்துக்கு ஒரு கழிவு கொடுப்பதில் தவறில்லை. எவ்வளவு கழிவு என்பது தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும்.

விலையோடு மற்றொன்றும் அந்த வாசலில் தொலைகிறது. தமிழ் வீடுகளில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. திருமணச் சீராக வந்த குடத்தின் கழுத்தில் புள்ளிபுள்ளியாக முதலெழுத்தும் பெயரும், சிலவற்றில் நாளும் ஊரும் இருக்கும். எந்த ஊரிலிருந்து எந்தத் தலைமுறையில் ஒரு குடும்பம் தக்காணத்துக்கு வந்தது என்பதற்கும், அந்நாளில் அவ்வூர்ப் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதற்கும் வேறெங்கும் கிடைக்காத சான்று அந்தப் புள்ளிகளில் இருக்கலாம். எடைக்குப் போன குடம் உருக்காலைக்குச் சென்றால் எழுத்தும் உருகும். கடைக்குச் சென்றால் பாலிஷ் சக்கரத்தில் தேயும். வாங்குபவர், 'இது யார் பெயரம்மா, எந்த ஊர்?' என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். கேட்டுவிட்டால் அதன்பின் கிலோ விலை பேசுவது கடினம். பலர் கேட்காமலிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.