ஒரே கரையில் இரண்டு இரவு

கலியாணம் முடித்து, ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கொழும்பிலோ வத்தளையிலோ வாடகை வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். குடும்பத்தோடு எங்காவது போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், போகாமலும் இருக்கிறீர்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நிறுத்திய பயணத்தைப் பலர் இன்னும் தொடங்கவில்லை. காசு கொஞ்சம் சேரட்டும், சின்னவன் வளரட்டும், அம்மாவின் கால்வலி குறையட்டும் என்கிறீர்கள். சின்னவன் வளர்ந்தால் அவனுக்கு ரியூசன் வந்துவிடும். அம்மாவின் கால்வலி இனிக் குறையப்போவதில்லை. ஆகவே இந்த வருடமே போங்கள்.

போகிறவர்கள் போகும் விதத்தையும் பார்க்கிறேன். வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மூன்று நாளில் அநுராதபுரம், திருகோணமலை, கண்டி, நுவரெலியா என்று ஓடுகிறார்கள். செலவில் பெரும்பங்கு வானுக்கும் டீசலுக்கும் போய்விடுகிறது. மலை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுத்து, களைத்துத் தூங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பது அவர்களுக்குக் குழம்பிப் போகிறது. கையில் காசு குறைவென்றால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். படுக்கிற இடத்தின் சுத்தத்தையும் பிள்ளைகளின் சாப்பாட்டையும் குறைக்க வேண்டாம். ஒரே ஒரு கரை, இரண்டு இரவு. அது போதும்.

எந்தக் கரை என்று என்னிடம் கேட்டால் உடப்பைத்தான் சொல்வேன்.

சிலாபத்துக்கு வடக்கே, புத்தளம் போகிற வழியில் இருக்கிறது உடப்பு. மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்தக் களப்பைத் தெற்கே சிலாபத்தோடும் வடக்கே புத்தளம் களப்போடும் இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று ஊரார் சொல்வார்கள். சுற்றிலும் சிங்கள, முஸ்லிம் ஊர்கள் இருக்க, தமிழையும் திரௌபதை அம்மன் கோயிலையும் கடல் தொழிலையும் விடாமல் வைத்திருக்கும் சனம் இது. ஆடி மாதத்துத் திருவிழாவில் பதினெட்டு நாளும் பாரதக் கதைதான். தீமிதிப்போடு அது நிறையும். அந்த நாள்களில் ஊர் நிரம்பி வழியும். கும்பிடப் போகிறவர்கள் அப்போது போகலாம். அமைதியைத் தேடிப் போகிறவர்கள் வேறு மாதம் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் என்பதில் கவனமாக இருங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகக் காற்று. இந்தக் கரையில் கடல் குழம்பிக் கிடக்கும். தொழில் தெரிந்தவர்களே அந்தக் காலத்தில் வலையை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி போட்டுத் தங்குவார்கள். அப்படிப்பட்ட கடலில் உங்கள் பிள்ளையை இறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தெதுறு ஓயா பெருகினால் சிலாபத்துத் தெருக்களில் வெள்ளம் நிற்கும். தை பிறந்த பிறகு பங்குனி வரைதான் நல்ல காலம். கடல் அடங்கியிருக்கும், கரைவலையும் வளைப்பார்கள். போயா விடுமுறையோடு சேர்ந்த சனி, ஞாயிறைத் தவிர்த்து ஒரு செவ்வாய், புதனில் போனால் அறை வாடகையும் இறங்கும். கரையும் உங்களுக்கே கிடைத்துவிடும்.

வான் வேண்டாம். கோட்டையில் புத்தளம் பாதை ரயிலில் ஏறுங்கள். மெதுவாகத்தான் போகும்; பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. நீர்கொழும்பு தாண்டினால் இருபக்கமும் தென்னந்தோப்பு. சிலாபத்தில் இறங்கி உடப்புக்குப் பஸ் பிடிக்கலாம். மூட்டை அதிகமென்றால் முச்சக்கர வண்டி. மூன்றாம் வகுப்பில் யன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே போகிற பிள்ளைக்குப் பயணம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தங்கும் இடத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். உடப்பு ஒரு கோயில் ஊர், மீன்பிடி ஊர். நீச்சல் குளம் வைத்த ஹோட்டலைத் தேடி அங்கே போகாதீர்கள். சொந்தக்காரரோ கூடப்படித்தவரோ இருந்தால் அவர்கள் வீட்டில் ஓர் அறை கேளுங்கள். இல்லாவிட்டால் சிலாபத்தில் கடலோரமாக இருக்கும் சிறிய விடுதி ஒன்றில் தங்கி, விடியற்காலையில் உடப்புக்குப் போய்வரலாம். முன்பணம் அனுப்புமுன் தொலைபேசியில் நாலு விஷயம் கேட்டுவிடுங்கள். கிணற்று நீர் உவரா, குடிக்க நல்ல தண்ணீர் உண்டா? நுளம்பு வலை இருக்கிறதா? குளியலறை அறையோடு சேர்ந்ததா? ஒரு அடுப்பு பாவிக்க விடுவார்களா? ஏசி இருக்கிறதா என்று கேட்பதைவிட இவை முக்கியம். தை மாதத்து இரவில் யன்னலைத் திறந்து வைத்தால் கடற்காற்றே போதும். குடிநீர் நல்லதாக இல்லையென்றால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து, மிச்சம் பிடித்த காசெல்லாம் மருந்துக்குப் போகும்.

அடுப்பு கிடைத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கொரக்காய் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். தேங்காய்க்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை; மீன் கரையில் கிடைக்கும். ஆனால் தம்பிமார் ஒன்றைக் கேளுங்கள். அங்கேயும் உங்கள் மனைவிதான் தேங்காய் துருவ வேண்டும், அங்கேயும் அம்மாதான் மீன் வெட்ட வேண்டும் என்றால், அது அவர்களுக்கு இடம் மாறிய சமையலறை மட்டும்தான். அந்த இரண்டு நாளும் அடுப்பு உங்கள் பொறுப்பு. சோறும் பருப்பும் ஒரு மீன் குழம்பும் எந்த ஆம்பிளையாலும் முடியும். காலையில் கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்குங்கள். வருடம் முழுக்க அடுப்படியில் நின்றவள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். அந்தச் சும்மா இருத்தலுக்காகத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

இனிக் கரைவலைக்கு வருகிறேன். எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

விடிவதற்கு முன் பிள்ளைகளை எழுப்பிக் கரைக்குக் கூட்டிப் போங்கள். வலை வளைப்பதை முதலிலிருந்தே அவர்கள் பார்க்க வேண்டும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தோணி கயிற்றை விட்டுக்கொண்டே கடலுக்குள் போகும்; தூரத்தில் திரும்பி வலையை அரைவட்டமாக இறக்கும்; பிறகு மறு தலைப்புக் கயிற்றோடு கரையின் இன்னோர் இடத்துக்கு வந்து சேரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கத் தொடங்குவார்கள். மணிக்கணக்கில் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். கடைசியில் வருவது மடி. மீன் அதற்குள்தான். சில நாள் மடி கொள்ளாமல் நெத்தலியும் சூடையும் வெள்ளியாய்த் துள்ளும். சில நாள் கொஞ்சம் காரலும் கடற்பாசியும்தான். இரண்டு நாளும் இழுத்த நேரம் ஒன்றுதான்.

இழுவைக்கு ஏற்றபடி ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவது அம்பா. எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் பலம் கொடுக்க வேண்டும். அதற்குப் பாட்டுத் தேவைப்பட்டது. கடவுளும் வரும், வீட்டுக் கஷ்டமும் வரும், கேலியும் வரும். உடப்பு அம்பாவுக்குப் பேர்போன ஊர். அண்மைக் காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். இழுக்கிற கை குறையும்போது பாட்டுக்கும் வேலை குறைகிறது. அதனால் உங்கள் பிள்ளைகள் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கரையில் வயதானவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, உங்கட காலத்தில எப்பிடிப் பாடுவீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வீடியோ எடுக்க முதல் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் ஃபோனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கயிறு பிடிக்க ஆசை வரும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுவிட்டுப் பிடிக்க விடுங்கள். கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்கை சிவக்கும், குதிக்கால் மணலில் புதையும். மீனுக்கு விலை அதிகம் என்று வீட்டில் நாம் பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளை, அந்த விலைக்குள் யாருடைய முதுகு இருக்கிறதென்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் எனக்கு இருந்த பெரிய குறை இதுதான்: நெல்லும் மீனும் எங்கிருந்து வருகின்றன என்று எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறைய, கண்ணால் கண்டவர்கள் கொஞ்சம்.

வலை இழுத்து முடிந்ததும் மீனை அந்தக் கரையிலேயே விற்பார்கள். வந்த காசைச் சம்மாட்டிக்கு, இழுத்தவர்களுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். கறிக்கு நீங்களும் வாங்குங்கள். கயிறு பிடித்த பிள்ளைக்கு யாராவது ஒரு கை மீன் அள்ளிக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கச் சொல்லுங்கள். கருவாடு காய வைக்கும் பெண்களிடம் கருவாடு வாங்கும்போது, சூப்பர் மார்க்கெட்டில் கேட்காத பேரத்தை அவர்களிடம் கேட்காதீர்கள். செலவைக் குறைத்துப் போங்கள் என்று நான் சொன்னது உங்கள் ஆடம்பரத்தை. அது அவர்களுடைய கூலியில் குறைய வேண்டாம். அறை கூட்டித் துடைக்கிற பெண்ணுக்குக் கையில் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் விடுதியை விட்டு வெளியேற வேண்டும்.

இன்னொன்றை இளைஞர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு நிற்பவர்கள். நீங்கள் மணலில் உடைத்துவிட்டுப் போகிற போத்தல் அவர்களுடைய காலைக் கிழிக்கும். கால் கிழிந்தால் அந்தக் கிழமைக் கூலி இல்லை. நீங்கள் எறிகிற பிளாஸ்டிக் பை மடிக்குள் வந்து சேரும். அது அவர்கள் வேலை செய்யும் இடம், கோயில் இருக்கும் ஊர். குடிக்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் கரைக்குப் போகாதீர்கள்.

மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று பதறாதீர்கள். ஒருநாள் காலையில் ஆனைவிழுந்தான் குளங்களுக்குப் போகலாம். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கடலுக்குக் கிட்டவே, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் பாயும் பழங்காலக் குளத் தொடர். 2001இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் பார்க்கப் பொறுமைதான் வேண்டும். திரும்பும் நாளில் முன்னேஸ்வரத்தைக் கும்பிட்டு வரலாம். போர்த்துக்கீசர் 1578இல் இடித்த கோயில் அது. பின்பு கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் திரும்ப எழுந்தது. தமிழரும் சிங்களவரும் ஒரே வாசலில் தேங்காய் உடைப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அதற்கு மேல் இடம் சேர்க்காதீர்கள். கற்பிட்டி டொல்பினை இன்னொரு வருடத்துக்கு விட்டு வையுங்கள்.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் இந்தப் புத்தளக் கரையில்தான் இறங்கினார். கரையெங்கும் கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். பாவாத மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போகும் அவசரத்தில் வந்தவர் அவர்; ஆனாலும் யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியோடு மூன்று நாள் தங்கிப் பேசிவிட்டே புறப்பட்டார். நமக்கு இரண்டு இரவுகூட ஓரிடத்தில் தரிக்க முடியாதென்றால் எனக்கு அது கவலையாக இருக்கிறது.

பின்னேரங்களை வெறுமையாக விடுங்கள். பாயை விரித்து, தேத்தண்ணி ஊற்றி, அம்மா அப்பாவையும் உட்கார வையுங்கள். வீட்டில் அவர்கள் பழைய கதை தொடங்கினால் நமக்கு நேரமில்லை. இங்கே டிவி இல்லை, ஃபோனை அறையில் வைத்துவிடுங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து எப்படி வந்தார்கள், கலியாணத்துக்கு யார் எதிர்த்தார்கள், எந்த வருடம் வீடு விட்டு ஓடினார்கள் என்பதெல்லாம் பேரப்பிள்ளைகள் கேட்கிறபோதுதான் வாயில் வரும். நம்முடைய குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு எழுதி வைத்த வரலாறு இல்லை. படங்களும் இடம்பெயர்வில் போய்விட்டன. இருப்பது அவர்களுடைய ஞாபகம் மட்டும்தான், அதற்கும் வயதாகிறது. அவர்களைக் கூட்டிப்போவது சிரமம் என்று வீட்டில் விட்டுப் போகாதீர்கள். கீழ்த்தளத்து அறை கேளுங்கள், ரயிலில் இருக்கை கிடைக்கிற நேரம் பாருங்கள், மணலில் உட்கார முடியாதவருக்கு விடுதியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்டு வாங்குங்கள்.

மாதா மாதம் ஒரு சிறு தொகையைத் தனி உறையில் போட்டு வையுங்கள். உறையின் மேல் ஊர்ப்பெயரையும் மாதத்தையும் பிள்ளையின் கையால் எழுத வையுங்கள். ஆவணியில் தொடங்கினால் தைக்குள் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும் இரண்டு இரவு அறையும் கறிக்கு மீனும் அதிலேயே முடியும். லீவுக்கு மட்டும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.