குடாநாட்டின் விளையாட்டுப் பஞ்சாங்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுற்றிலும் கடல், உள்ளே பனங்கூடல், கிணற்று நீரால் விளையும் தோட்டங்கள், இவையே அதன் செல்வம். எனினும் இச்சமநிலத்திலே வளரும் சிறுவர்க்கு விளையாட்டில் குறைவு ஏற்பட்டதில்லை. காற்றின் திசை மாறுந்தோறும் ஒரு விளையாட்டு வரும். பனையின் பருவம் மாறுந்தோறும் ஒரு தின்பண்டம் வரும். இவற்றுட் பல சிறுவர் தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. மூங்கிலைச் சீவத் தந்தையின் கை வேண்டும்; கூழைத் துழாவத் தாயின் கை வேண்டும்; எப்போது பாத்தியைக் கிண்டலாம் என்று சொல்ல அம்மம்மாவின் அனுபவம் வேண்டும். ஆகவே பெரியோரும் சிறியோரும் ஒன்று கூடுவதற்கு இந்நிலத்தின் பருவங்களே நாள் குறித்துக் கொடுத்திருக்கின்றன எனலாம்.

இன்றோ பிள்ளைகளின் நாளைக் குறிப்பவை வேறு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கிப் பரீட்சைக்குப் பின் பரீட்சையாக வருகின்றது. பள்ளி முடிந்ததும் தனியார் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் கைப்பேசி. பெற்றோருக்கும் நேரமில்லை. 1956இல் ஓடத் தொடங்கிப் போரினால் 1990இல் தடைப்பட்ட யாழ்தேவி, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. புகைவண்டி பாதையைப் போட்டதும் திரும்பி வந்துவிடும். கையிலிருந்து கைக்கு வரும் பழக்கங்கள் அப்படி வருவன அல்ல. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால் அடுத்த தலைமுறை யாரிடம் கேட்பது? ஊரில் வாழும் குடும்பத்தினரும், விடுமுறைக்குக் கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வருவோரும் பிள்ளைகளோடு செய்து மகிழத்தக்க சிலவற்றை மாத வரிசையிலே காண்போம்.

வாடையும் பட்டமும்

கார்த்திகையில் மழையோடு வருவது வாடைக்காற்று. தை பிறக்கும்போது மழை தணிந்து, வடகீழ்த் திசையிலிருந்து காற்று மட்டும் ஒரே சீராக வீசும். பட்டம் ஏற்றுவதற்கு இதனினும் சிறந்த காலம் இல்லை.

தைப்பொங்கல் நாளன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டி நாடெங்கும் பெயர் பெற்றது. கப்பல், விமானம், பறவை, விலங்கு என நாம் எண்ணாத உருவமெல்லாம் அங்கே வானில் எழும். காற்றையும் பாயையும் அறிந்த ஊர் அது. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய ஊரின் பிள்ளைகள் பட்டத்திலே வல்லவராய் இருப்பது வியப்பன்று.

போட்டியைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், வீட்டிலே ஒரு பட்டம் கட்டிப் பாருங்கள். தொடக்கத்திற்கு நாலுமூலைப் பட்டமே போதும். மூங்கிலைச் சீவிய சலாகையை விரலின் மேல் வைத்து, இரு பக்கமும் ஒத்த பாரமா என்று பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடலாம். ஒரு பக்கம் பாரம் கூடினால் பட்டம் அப்பக்கமே சாயும். அடுத்தது முச்சை. பட்டம் காற்றுக்கு எவ்வளவு சாய்ந்து நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முச்சையே. அது பிழைத்தால் எத்துணை அழகிய பட்டமும் தலைகீழாய்க் குத்தும். வால் நிலைநிறுத்தும், கூடினால் பாரமாகும். பள்ளியிலே விசை, சமநிலை என்று படிப்பவற்றைப் பிள்ளை இங்கே விரலால் அறிந்து கொள்கின்றது.

வளர்ந்த பிள்ளைகளானால் விண் பூட்டலாம். வில்லாய் வளைத்த சலாகையிலே மெல்லிய நாரையோ நாடாவையோ இறுக இழுத்துக் கட்டினால், காற்றுப்பட்டு அது அதிர்ந்து கூவும். விண் பூட்டிய பட்டத்தை இராக்காலத்திலும் மரத்தோடு கட்டி விடுவதுண்டு. ஊர் உறங்கிய பின்பும் வானிலே அதன் ஒலி கேட்டுக் கொண்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. வானைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பது சிறுவர் இயல்பு. தோட்ட வெளிகளிலே கட்டில்லாத கிணறுகள் உண்டு, மின்கம்பிகளும் உண்டு. ஆகையால் இடத்தைத் தெரிவு செய்வது பெரியவர் பொறுப்பு.

இதே காலத்தில் பண்ணைப் பாலம் வழியாகத் தீவகம் நோக்கிச் செல்வோர், கடனீரேரியின் ஆழமற்ற நீரிலே பூநாரைக் கூட்டங்களைக் காணக்கூடும். அவை அலகைத் தலைகீழாய்க் கவிழ்த்து நீரை வடித்து இரை தேடும் விதத்தையும், உண்ணும் இரையினாலேயே அவற்றிற்குச் செந்நிறம் உண்டாகின்றது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தூர நின்று எண்ணுவதே நன்று; நெருங்கினால் பறந்துவிடும்.

சித்திரையில் போர்த்தேங்காய்

சித்திரை வருடப்பிறப்பிலே மருத்துநீர் வைத்து முழுகிப் புத்தாடை உடுத்து, பெரியோரிடம் கைவிசேஷம் பெற்றபின், முற்றத்திலே தொடங்குவது போர்த்தேங்காய். ஒருவர் தம் தேங்காயை நிலத்தில் வைப்பார். மற்றவர் தம் தேங்காயால் அதனை ஓங்கி அடிப்பார். உடைந்தவர் தோற்றார். வலிய சிரட்டையுள்ள தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தெரிவதிலேதான் வெற்றி இருக்கின்றது. இதிலே பேரனுக்குத் துணை நிற்பவர் பெரும்பாலும் தாத்தாவே. உடைந்ததும் வீணாவதில்லை, நேரே அடுக்களைக்குச் செல்லும்.

நுங்கும் ஆடிக்கூழும்

வெயில் முதிரும் வைகாசி, ஆனியில் நுங்கு வரும். சீவிய நுங்கினுள்ளே பெருவிரலை விட்டுச் சிந்தாமற் குடிப்பது ஒரு கலை; ஆடையெல்லாம் சிந்திக்கொண்டுதான் அதனைக் கற்கவேண்டும். எஞ்சிய கோம்பை இரண்டை ஒரு தடியினாற் பொருத்தி, கவர்த்தடி ஒன்றினால் தள்ளினால் வண்டில் ஆயிற்று. கடையிலே வாங்கிய எந்த வண்டிலும் அதனைப்போல் ஒழுங்கையிலே ஓடாது.

ஆடி முதல் நாள் ஆடிப்பிறப்பு. யூலை நடுப்பகுதியில் வரும் இந்நாளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் நாவிலே நிலைபெறச் செய்தவர், 'தங்கத் தாத்தா' என்று போற்றப்படும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவர் பாடிய சிறுவர் பாட்டை அறியாத வீடு இங்கே அரிது. ஆனால் பாட்டை அறிந்த பிள்ளைகள் எல்லோரும் கூழை அறிந்திருக்கின்றார்களா?

கூழ் கடினமானதன்று. வறுத்த பயற்றை அவியவிட்டு, அரிசிமாவைச் சிறு உருண்டைகளாகப் பிடித்துப் போட்டு, தேங்காய்ப்பாலிலே கரைத்த மாவையும் பனங்கட்டியையும் சேர்த்துத் துழாவ வேண்டும். இறுதியிலே தேங்காய்ச் சொட்டுகள். மா உருட்டுவதும், பலாவிலையைப் பறித்துக் கழுவி, கோலி ஈர்க்கினாற் குத்துவதும் பிள்ளைகளின் வேலை. ஒழுகாமல் இலை கோலத் தெரிந்த பிள்ளைக்கு அன்று வீட்டிலே பெரும் மதிப்பு. தொடர்ந்து நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாட்கள் நடைபெறும். வெளிநாட்டுப் பள்ளிகளின் விடுமுறையும் ஏறக்குறைய இக்காலத்திலேயே வருவதனால், வருகை தருவோர்க்கு ஏற்ற பருவம் இது.

பனம்பாத்தி

எல்லாவற்றினும் நீண்டதும் பயன் மிக்கதும் பனம்பாத்தியே. ஆவணி, புரட்டாதியிலே பனம்பழம் விழும். விடியற்காலையில் எழுந்து, விழுந்த பழத்தைப் பொறுக்குவதே ஓர் இன்பம். சுட்டுத் தின்னலாம், களியைப் பிசைந்து எடுத்து மாவும் சீனியும் கூட்டிப் பனங்காய்ப் பணியாரம் சுடலாம், பாயிலே ஊற்றி வெயிலிற் காயவைத்துப் பனாட்டாக்கலாம். எஞ்சும் விதைகளைச் சேர்த்து வைத்து, மழை தொடங்கும்போது மண்ணைக் கிளறி உயர்த்திய பாத்தியிலே நெருக்கமாக அடுக்கி மூடவேண்டும்.

பின்பு காத்திருத்தலே வேலை. முளை மேலே வராது. நிலத்தினுள்ளே கீழ்நோக்கி இறங்கும். விதையினுள் இருந்த உணவு அதனுட் சென்று சேர, அதுவே கிழங்காகப் பருக்கும். மேலே ஒன்றும் தெரியாதிருக்கக் கீழே வளர்ச்சி நடைபெறுகின்றது என்று பொறுத்திருக்கப் பழகுவது, உடனுக்குடன் எல்லாம் வேண்டும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. மூன்று நான்கு மாதத்தில், தையை அண்டிக் கிழங்கு முதிரும். அன்று வீடு முழுவதும் பாத்தியடியிலே கூடும். ஒருவர் கிண்ட, ஒருவர் எடுக்க, சிறியவர் எண்ணுவர். விதையைப் பிளந்தால் உள்ளே இனிய பூரான். அதற்கு எப்போதும் சண்டை உண்டு.

அவித்த கிழங்கை உரித்து அப்படியே உண்ணலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்து, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சும் கூழுக்காக முற்றத்திலே வட்டமாய் அமராத குடும்பம் முன்னாளில் இல்லை.

இப்பனைகளிற் பல போர்க்காலத்திலே அழிந்தன. குண்டுக்கும் எறிகணைக்கும் இரையானவை சில. பதுங்குகுழிகளுக்குக் குற்றியாகத் தறிக்கப்பட்டவை பல. பனை மெல்ல வளர்வது. காய்ப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். காய்ப்பதும் பெண்பனை மாத்திரமே. ஆண் எது, பெண் எது என்பது பூக்கும்வரை தெரியாது.

ஆதலால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு பாத்தி போடுங்கால், நாலைந்து விதைகளை வேறாக எடுத்து, வேலியோரத்திலே பிள்ளையின் கையால் ஊன்றச் செய்யுங்கள். அவற்றைக் கிண்டவேண்டாம், வடலியாக விட்டுவிடுங்கள். காணி இல்லாதோர் உறவினர் வளவிலோ, ஊர்ப் பொதுவெளியிலோ கேட்டு ஊன்றலாம். பத்து வயதிலே ஊன்றியவர், தாமும் பெற்றோராகும் வயதிலே அதன் நுங்கைத் தம் பிள்ளைக்குச் சீவிக் கொடுக்கலாம்.